தடை செய்யப்பட்ட சொல்

அமெரிக்க அரசாங்கத்தின் வானிலைத் துறை 60 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சொல்லைத் தன் முன்னறிவிப்புகளில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது. நாளை மழை வரும் என்று எழுதலாம். பனி கொட்டும் என்று எழுதலாம். இடியோடு பலத்த காற்று வீசும் என்றும் எழுதலாம். 'டோர்னடோ' என்று மட்டும் எழுதக்கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்தால் மக்கள் பதறி ஓடுவார்கள், பதற்றத்தால் விளையும் கேடு காற்றால் விளையும் கேட்டைவிடப் பெரிதாகிவிடும் என்று மேலதிகாரிகள் நம்பினார்கள். மக்களின் நன்மையை எண்ணியே அப்படிச் செய்வதாகவும் நினைத்தார்கள். அந்த நம்பிக்கைக்கு எத்தனை உயிர்கள் விலையாயின, பிறகு அது எப்படி மாறியது என்பது கேட்க வேண்டிய வரலாறு.

டோர்னடோவை நம் நாளேடுகள் சில வேளைகளில் சூறாவளி என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் வேறு. கடலில் பிறக்கும் சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது. பல நாள் நகர்ந்து வருவது. டோர்னடோவோ ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். ஆனால் கடுமையான சுழல் மணிக்கு 300, 400 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்று, ஒரு தெருவைத் தரைமட்டமாக்கிவிட்டு அடுத்த தெருவை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடியது.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டோர்னடோக்கள் பதிவாகின்றன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. (உயிரிழப்பில் மட்டும் வங்காளதேசம் முந்திக்கொள்கிறது. 1989 ஏப்ரல் 26ஆம் நாள் அங்கு வீசிய ஒரே சுழலில் ஏறக்குறைய 1,300 பேர் மாண்டதாகக் கணக்கு.) காரணம் நிலத்தின் அமைப்பு. இமயமலை கிழக்கு மேற்காகக் கிடந்து, வடக்கின் கடுங்குளிர் இந்தியாவுக்குள் நுழையாமல் மறிக்கிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கனடாவின் குளிர்காற்று தெற்கே இறங்கி வரும்போதும், மெக்சிகோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்று வடக்கே ஏறிப் போகும்போதும் குறுக்கே நிற்க ஒரு மலை இல்லை. இரண்டும் சமவெளியில் மோதிக்கொள்கின்றன. குளிர்காலத்தில் அந்த மோதல் பனிப்புயலாகும். மார்ச் முதல் மே வரையிலான வசந்த காலத்தில் இடிமேகமும் டோர்னடோவுமாகும். ஒரே புயலின் வடபுறத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, தென்புறத்தில் டோர்னடோ சுழல்வதும் உண்டு.

சார்ஜண்ட் போட்ட கணக்கு

அமெரிக்காவில் வானிலை கணிக்கும் பொறுப்பு 1870ஆம் ஆண்டில் இராணுவத்தின் சமிக்ஞைப் படையிடம் தரப்பட்டது. தந்திக் கம்பி அவர்கள் கையில் இருந்ததே காரணம். அந்தப் படையில் சார்ஜண்டாக இருந்து பின்னர் லெப்டினன்ட் ஆனவர் ஜான் பார்க் ஃபின்லி. 1879ஆம் ஆண்டில் கேன்சஸ் வட்டாரத்தை டோர்னடோக்கள் சூறையாடியபோது நேரில் போய் ஆராயும்படி அனுப்பப்பட்டார். அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. பழைய பதிவுகளைத் திரட்டினார். ஊர் ஊராகத் தகவல் எழுதி அனுப்பும் தொண்டர்களைச் சேர்த்தார். எந்தவிதக் காற்றழுத்தமும் வெப்பநிலையும் கூடிவரும்போது டோர்னடோ பிறக்கிறது என்று விதிகள் வகுத்தார்.

1884 வசந்த காலத்தில் ஃபின்லி ஒரு சோதனை நடத்தினார். ராக்கி மலைக்குக் கிழக்கே உள்ள நிலத்தை 18 வட்டாரங்களாகப் பிரித்து, நாளுக்கு இருமுறை, இன்ன வட்டாரத்தில் டோர்னடோ வரும், இன்ன வட்டாரத்தில் வராது என்று குறித்து வந்தார். மொத்தம் 2,803 கணிப்புகள். நூற்றுக்கு 96க்கு மேல் பலித்ததாக அவர் அறிவித்ததும் பலர் வியந்தார்கள். குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் மட்டும் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். டோர்னடோ வரும் என்று ஃபின்லி சொன்னது 100 முறை. வந்தது 28 முறை. வரும் என்று அவர் சொல்லாமலே வந்தது 23 முறை. டோர்னடோ அரிதானது. ஆகவே நாள் தவறாமல் 'வராது, வராது' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நூற்றுக்கு 98 பலித்துவிடும், ஃபின்லியையே மிஞ்சிவிடலாம் என்று கில்பர்ட் காட்டினார்.

கில்பர்ட் சொன்னது சரியே. ஆனால் அந்த 28ஐ அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. செயற்கைக்கோளும் ரேடாரும் இல்லாத காலத்தில், தந்தியில் வந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கோ வரப்போகும் சுழலை ஒரு மனிதர் 28 முறை முன்னரே சொல்லியிருக்கிறார். மேலிடம் அப்படிப் பார்க்கவில்லை. ஃபின்லியின் முன்னறிவிப்புகள் நிறுத்தப்பட்டன. 1887ஆம் ஆண்டில் சமிக்ஞைப் படையின் தலைமைப் பொறுப்பேற்ற அடால்ஃபஸ் கிரீலி, டோர்னடோவை முன்னறிவிப்பதால் நன்மையைவிடத் தீமையே மிகும் என்று அறிக்கையில் எழுதினார். 1890களில் வானிலைப் பணி இராணுவத்திடமிருந்து பொதுத்துறைக்கு மாறியது, தடை மாறவில்லை. 1905ஆம் ஆண்டின் நிலைய விதிகளில் டோர்னடோ முன்னறிவிப்பு கூடாது என்பது எழுத்திலேயே இருந்தது.

ஃபின்லி வேறு பணிகளுக்குப் போய்விட்டார். பிற்பாடு பிலிப்பைன்ஸில், சபாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சம்போவாங்கா மாவட்டத்தின் ஆளுநராகவும் இருந்தார். டோர்னடோ ஆராய்ச்சியின் முன்னோடி நம் வட்டாரத்துக் கடலோரத்தில் ஆட்சி நடத்திக் காலம் கழித்தார் என்பது பலர் அறியாத செய்தி.

பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்

தடை டோர்னடோவுக்குத்தான். குளிரைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொன்னது உரியவரிடம் போய்ச் சேராவிட்டால் சொல்லாததற்குச் சமம் என்பது 1888 ஜனவரி 12ஆம் நாள் தெரிந்தது.

டக்கோட்டா, நெப்ராஸ்கா, மினசோட்டா சமவெளிகளில் அன்று காலை வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தது. பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு வந்த வெயில். நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறி அங்கே மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த விவசாயிகள் மாடுகளை வெளியே ஓட்டிவிட்டார்கள். பிள்ளைகள் தடித்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்கூடம் போனார்கள். வடமேற்கிலிருந்து இருண்ட சுவர் போல ஒன்று எழுந்து வந்தது. மாவைப் போன்ற பொடிப்பனி கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. வெப்பநிலை மளமளவென்று சரிந்து, இரவில் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போயிற்று.

குளிர் அலை வருகிறது என்று செயின்ட் பால் நகரின் வானிலை அதிகாரி தாமஸ் உட்ரஃப் அதற்கு முன்பே கணித்து எழுதியிருந்தார். அது தந்தி மூலம் ரயில் நிலையம் உள்ள ஊர்களுக்குப் போகும். அங்கே வெள்ளைத் துணியில் கறுப்புச் சதுரம் போட்ட கொடியை ஏற்றுவார்கள். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, வயல் நடுவே மண்கட்டி வீட்டில் இருப்பவன் அந்தக் கொடியை எங்கே பார்ப்பது?

நெப்ராஸ்காவில் பிளெய்ன்வியூ என்ற ஊருக்கு அருகில் லோயிஸ் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியை, பள்ளியில் எரிக்க விறகு தீர்ந்துபோனதால் மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த தாம் தங்கியிருந்த வீட்டுக்குப் புறப்பட்டார். நடந்தால் சில நிமிடம். வழி தெரியவில்லை. இரவு முழுவதும் பனியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தார். மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். ஆசிரியை பிழைத்தார், அவருடைய பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புயலில் இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர் என்பதால் அந்தப் புயலுக்கே அவர்கள் பெயர்தான் நிலைத்தது.

மூன்றரை மணி நேரம்

1925 மார்ச் 18. அன்றைய அரசாங்க அறிக்கை மழையையும் பலத்த காற்றையும் பற்றி மட்டுமே பேசியது. பிற்பகல் ஒரு மணிக்கு மிசௌரி மாநிலத்தில் ஒரு சுழல் தரையைத் தொட்டது. அங்கிருந்து இல்லினாய், பிறகு இந்தியானா என்று மூன்று மாநிலங்களைக் கடந்து நாலரை மணி அளவில் ஓய்ந்தது. அது போன தூரம் 352 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை காரில் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். வேகமும் ஏறக்குறைய அப்படித்தான், மணிக்கு 100 கிலோமீட்டர். இறந்தவர்கள் 695 பேர். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். டி சோட்டோ ஊரின் பள்ளிக்கூடம் சரிந்து 33 பிள்ளைகள் மாண்டார்கள். அமெரிக்காவில் ஒரே டோர்னடோவில் இத்தனை பேர் இறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது முழுத்தூரமும் ஒரே சுழல்தானா, அல்லது ஒன்று அடங்கி இன்னொன்று பிறந்ததா என்று இன்றைய ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். இறந்தவர்களுக்கு அதனால் வேறுபாடு ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், நேயர்களே. அது 1888 அன்று. தந்தி இருந்தது, தொலைபேசி இருந்தது, வானொலிகூட வந்துவிட்டது. மிசௌரியில் காற்று அடித்தபோது இந்தியானாவின் கிரிஃபின் ஊருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர அவகாசம் இருந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இல்லை. சொல்லக்கூடாது என்று 40 ஆண்டுகளாக இருந்துவிட்ட துறையில் சொல்லும் ஏற்பாடு எப்படி வளரும்? பீதி வந்துவிடும் என்று அஞ்சி மறைத்தார்கள். டி சோட்டோ பள்ளிப் பிள்ளைகளுக்குப் பீதியடையக்கூட நேரம் கிடைக்கவில்லை.

1936 ஏப்ரலில் மிசிசிப்பியின் டூப்பலோ நகரில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே இறந்த கறுப்பின மக்களை அன்றைய பட்டியல்கள் ஒழுங்காகச் சேர்க்கவே இல்லை என்பதால், உண்மைத் தொகை அதைவிட அதிகம். அதில் பிழைத்த ஒரு வயதுக் குழந்தை பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. அதன்பின் 1938இல் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

ஐந்தே நாளில் இரண்டாம் முறை

தடையை உடைத்தவர்கள் வானிலைத் துறையினர் அல்லர். ஓக்லஹோமா சிட்டியை ஒட்டிய டிங்கர் விமானப்படைத் தளத்தில் இருந்த இரண்டு இராணுவ அதிகாரிகள், மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷ், கேப்டன் ராபர்ட் மில்லர். மில்லர் கலிபோர்னியாக்காரர், அந்தத் தளத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1948 மார்ச் 20ஆம் நாள் இரவுப் பணியில் இருந்தபோது காற்று சற்று பலமாக வீசும் என்று மட்டும் கணித்தார். இரவு பத்து மணி அளவில் டோர்னடோ தளத்தின் நடுவே புகுந்தது. விமானங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சேதம் ஒரு கோடி டாலர்.

இது யாராலும் முன்னறிய முடியாத ஒன்று என்று விசாரணைக் குழு மறுநாளே சொல்லிவிட்டது. தளபதி ஜெனரல் ஃபிரெட் போரம் அதோடு விடவில்லை. உண்மையிலேயே முன்னறிய முடியாதா என்று பாருங்கள் என்று இருவரையும் பணித்தார். அவர்கள் பழைய வரைபடங்களைப் புரட்டி, டோர்னடோ வந்த நாட்களில் மேல்வானமும் கீழ்க்காற்றும் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டார்கள். மார்ச் 25 காலையில் வந்த வரைபடம் 20ஆம் தேதியின் வரைபடத்தைப் போலவே இருந்தது. தளபதி அறைக்கே வந்துவிட்டார். டோர்னடோ என்று எழுதப்போகிறீர்களா, இல்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. ஐந்தே நாளில் அதே இடத்தில் மீண்டும் வரும் என்று சொல்லித் தவறினால் சிரிப்பார்கள். தயங்கித் தயங்கி, பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னர் எழுதிக் கொடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைக்குள் தள்ளப்பட்டன. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் இறக்கப்பட்டார்கள். மாலையில் வெறும் இலேசான மழை. மில்லர் மனம் சோர்ந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணி அளவில் டோர்னடோ தளத்தைத் தாக்கியது. செய்தியை அவர் வானொலியில்தான் கேட்டார். சேதம் 60 லட்சம் டாலர், உயிரிழப்பு இல்லை.

ஃபின்லி 1943ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். இந்த நாளைப் பார்க்க அவர் இல்லை.

இராணுவத்துக்குக் கிடைக்கிற எச்சரிக்கை வரி கட்டும் மக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1950 ஜூலை 12ஆம் நாள் வானிலைத் துறைத் தலைவர் பிரான்சிஸ் ரைக்கல்டர்ஃபர், டோர்னடோவைக் குறிப்பிடத் தடையேதும் இல்லை என்று சுற்றறிக்கை விட்டார். 1952 மார்ச்சில் துறையே பொதுமக்களுக்கான டோர்னடோ முன்னறிவிப்பை வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு ஓக்லஹோமா சிட்டியில் ஹாரி வோல்க்மன் என்ற தொலைக்காட்சி வானிலையாளர், விமானப்படையின் எச்சரிக்கையைத் திரையில் துணிந்து வாசித்தார். 60 ஆண்டுகளாக எதிர்பார்த்த பீதி வரவில்லை.

ஆனால் எழுதப்பட்ட தடை போனாலும் மனத்தில் உள்ளது உடனே போய்விடாது. 1953 ஜூன் 9ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் போஸ்டன் வானிலை அலுவலகத்தார் டோர்னடோ என்று எழுதலாமா என்று யோசித்தார்கள். மக்கள் அஞ்சுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். அன்று மாலை வூஸ்டர் நகரில் 94 பேர் இறந்தார்கள்.

நாகசாகி தந்த பாடம்

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. ரேடார்கள் வந்தன. 1965 ஏப்ரலில் ஒரே ஞாயிற்றுக்கிழமை 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முன்னறிவிப்பு எது, எச்சரிக்கை எது என்று மக்களுக்கு விளங்கவில்லை என்பது தெரிந்தது. வரக்கூடும் என்பதற்கு ஒரு சொல், வந்துவிட்டது என்பதற்கு வேறு சொல் என்று பிரித்தார்கள்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 13 மாநிலங்களில் 148 டோர்னடோக்கள் வீசின. 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விமானத்தில் பறந்து அந்த அழிவுத் தடங்களை எல்லாம் வரைந்தவர் தெத்சுயா ஃபுஜித்தா என்ற ஜப்பானியர். 1945ஆம் ஆண்டில் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்தில் மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன என்று பார்த்துப் பார்த்து, அழிவிலிருந்து காற்றின் போக்கைப் படிக்கக் கற்றவர். டோர்னடோவின் வலிமையை அது செய்த சேதத்தால் அளக்கும் எஃப் அளவுகோல் அவர் 1971ஆம் ஆண்டில் தந்தது. 2007ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, பெயர் சற்று மாறி இன்றும் வழக்கில் இருக்கிறது.

பனியையும் டோர்னடோவையும் ஒன்றாகக் கொண்டுவந்த புயல் 1993 மார்ச்சில் வந்தது. கியூபா முதல் கனடா வரை அதன் கை நீண்டது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டியது. புளோரிடாவில் டோர்னடோக்கள் சுழன்றன. கணினிக் கணிப்புகளின் துணையால் ஐந்து நாட்களுக்கு முன்பே இந்தப் புயல் அறிவிக்கப்பட்டது. பனி விழும் முன்னரே சில மாநில ஆளுநர்கள் அவசரநிலை பிறப்பித்தார்கள். இருந்தும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புளோரிடாவின் மேற்குக் கரையில் கடல் ஆள் உயரத்துக்கு மேல் பொங்கி ஊருக்குள் வரும் என்பது அங்குள்ளவர்களுக்கு உரிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை.

நான்கில் மூன்று

1953க்குப் பிறகு 58 ஆண்டுகள் எந்த ஒரு டோர்னடோவிலும் 100 பேர் இறந்ததில்லை. அந்தக் கணக்கு 2011 மே 22ஆம் நாள் மிசௌரியின் ஜாப்ளின் நகரில் முறிந்தது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எச்சரிக்கை 17 நிமிடம் முன்பே வந்திருந்தது. அபாயச் சங்கும் ஒலித்தது. பின்னர் நடந்த அரசாங்க ஆய்வில், முதல் சங்குக்குப் பெரும்பாலோர் அசையவில்லை என்பது தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தார்கள். தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடு முழுவதும் அக்காலத்தில் விடுக்கப்பட்ட டோர்னடோ எச்சரிக்கைகளில் நான்கில் மூன்று பொய்த்துப் போயின.

ஃபின்லி 1884ஆம் ஆண்டில் 100 முறை சொல்லி 28 முறை பலித்தது நினைவிருக்கும். விழுக்காடு ஏறக்குறைய அதேதான். ஆனால் அவர் ஒரு மாநிலம் அளவு நிலத்துக்குச் சொன்னார். இப்போது ஒரு நகரத்துக்கு, ஒரு சில நிமிடங்களுக்குச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துவிடக் கூடாது. ஆயினும் ஜாப்ளின் மக்கள் காதில் அந்தச் சொல் மரத்துப் போயிருந்தது.

அதற்கு மறு ஆண்டு, 2012 வசந்தத்தில், கேன்சஸ், மிசௌரி மாநிலங்களின் வானிலை அலுவலகங்கள் சிலவற்றில் புதிய சோதனை நடந்தது. மிகக் கொடிய டோர்னடோ என்று உறுதியானால் எச்சரிக்கையில் மழுப்பாமல் எழுத வேண்டும். வீடுகள் தரைமட்டமாகும், நிலத்துக்குக் கீழே போகாவிட்டால் உயிர் தப்ப முடியாது என்று அப்படியே எழுத வேண்டும். மக்கள் அஞ்சுவார்கள் என்று ஒரு சொல்லை ஒளித்து வைத்த அதே பணி, மக்கள் அஞ்சட்டும் என்று சொல் தேடும் நிலைக்கு வந்திருந்தது. பின்னர் இந்த முறை நாடு முழுவதற்கும் விரிந்தது.

2013 மே 20ஆம் நாள் ஓக்லஹோமாவின் மூர் நகரில் எல்லாம் முறைப்படி நடந்தது. சுழல் தரையைத் தொடுவதற்கு 16 நிமிடம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. தொலைக்காட்சிகள் சுழலின் பின்னாலேயே ஹெலிகாப்டரில் பறந்து நேரடியாகக் காட்டின. பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சுவரோரம் குனிந்து உட்கார வைத்து, அவர்கள்மேல் தாங்களே கவிந்துகொண்டார்கள். அந்தப் பள்ளியில் பாதுகாப்பு அறை கட்டப்பட்டிருக்கவில்லை. ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2014ஆம் ஆண்டில் அந்தப் பள்ளியைத் திரும்பக் கட்டியபோது டோர்னடோவைத் தாங்கும் அறையோடு கட்டினார்கள்.